மஞ்சள் மவுத்பீஸ்

சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி, அதில் தண்ணீருக்கடியில் மூச்சு விடுகிற ஒரு கறுப்பு மவுத்பீஸைச் சொருகி வைத்திருப்பார் அண்ணாச்சி. ஆற்றுக்குள் இறங்கும் முன் அந்த வளையத்தைத் தலை வழியாகக் கழுத்தில் மாட்டிக்கொள்வார். மவுத்பீஸ் சரியாக மோவாய்க்குக் கீழே வந்து நிற்கும். அதன் குழாயில் நைலான் கயிற்றால் இரண்டு முடிச்சு போட்டிருப்பார். பார்க்க அசிங்கமாக இருக்கும், நாய்க்குப் பட்டை கட்டிய மாதிரி. அதை நான் ஒரு பிளேடால் அறுத்து, என் மேஜைக்கடியில் இருந்த குப்பைக்கூடையில் போட்டேன். அறுபடும்போது ரப்பர் சுண்டி என் விரலில் அடித்தது. நல்ல வலி. அன்றைக்கு அந்த வலி ஒன்றுதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

கொல்கத்தாவில், கிதிர்பூரில் ஒரு சின்னக் கம்பெனி. ஆற்றுக்கடியில் செய்ய வேண்டிய வேலைகளைக் குத்தகைக்கு எடுப்பார்கள். படகுத்துறைத் தூண்களைத் தடவிப் பார்ப்பது, கப்பலின் அடிப்பக்கத்தைச் சோதிப்பது, மின்நிலையங்கள் ஆற்றுநீரை இழுக்கும் வாயில் அடைத்துக்கொண்ட குப்பையை அகற்றுவது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அங்கே ஸ்டோர்ஸ் பொறுப்பில் சேர்ந்தேன். அப்பா துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். கரியாஹாட் பக்கம் வாடகை வீடு. வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் பெங்காலி. கம்பெனியில் நான் ஒருத்திதான் பெண். எந்தச் சாமான் வாங்குவது, எதைக் கழிப்பது, எந்த அறிக்கையில் என்ன எழுதுவது எல்லாம் என் மேஜையில்தான் முடிவாகும். எனக்கு நீச்சல் தெரியாது. முழங்கால் ஆழத்துக்கு மேல் நான் எந்தத் தண்ணீரிலும் இறங்கியதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால், தண்ணீருக்கடியில் ஒரு மனிதன் எதை நம்பி மூச்சு விட வேண்டும் என்று பல வருஷம் முடிவு செய்தவள் நான்தான்.

அண்ணாச்சி எங்கள் கம்பெனியின் மூத்த டைவர். தூத்துக்குடிப் பக்கம் சங்கு குளிக்கிற குடும்பம். சிலிண்டர் மாட்டி முங்கக் கற்றது பம்பாயில். அண்ணாச்சி என்பதுதான் அவர் பெயர் என்று பெங்காலிகள் நினைத்துக்கொண்டு, அதற்கு மேல் மரியாதைக்கு ஒரு 'தா'வும் சேர்த்து, 'அண்ணாச்சிதா' என்று கூப்பிடுவார்கள். அண்ணன் அண்ணன் என்று இரண்டு தடவை. அவரும் திருத்தவில்லை. "ரெட்டை மரியாதை தாரான், வேண்டாம்னா சொல்லுவாக?" என்பார். என்னைத் தாயி என்றுதான் கூப்பிடுவார். எனக்கும் அவருக்கும் பத்து வயதுதான் வித்தியாசம்.

ஹூக்ளி ஆற்றில் முங்குவது கடலில் முங்குவது மாதிரி இல்லை என்று அவர் எனக்குப் பல தடவை சொல்லியிருக்கிறார். இரண்டு முழம் இறங்கினால் கண் போய்விடும். வண்டல். டார்ச் அடித்தால் டீயைப் பார்க்கிற மாதிரி ஒரு பழுப்புதான் தெரியும், அதற்கப்பால் ஒன்றும் கிடையாது. இரண்டு பேர் சேர்ந்து இறங்கினால் ஒருவர் காலில் மற்றவர் கயிறு சிக்கும். அதனால் ஒருவர்தான் இறங்குவார். மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருவர், அவசரத்துக்கு இன்னொரு டைவர். கீழே போனவருக்குத் துணை என்று எதுவும் இல்லை, அவர் உடம்பில் கட்டியிருக்கும் சாமான்தான். ஆகவே சாமான் எல்லாம் இரண்டிரண்டு. இரண்டு கத்தி, ஒன்று காலில், ஒன்று தோளில். ஒரு கை மாட்டிக்கொண்டால் மற்றக் கைக்கு எட்ட வேண்டும். முதுகில் பெரிய சிலிண்டர், விலாப் பக்கம் சின்னதாக இன்னொன்று. வாயில் ஒரு மவுத்பீஸ். அது போனால், சின்ன சிலிண்டரிலிருந்து வரும் மாற்று மவுத்பீஸ்.

புதுச் சாமான் வந்தால் அவர் தேர்ந்தெடுக்கும் முறையே வேறு. எல்லாவற்றையும் என் மேஜையில் பரப்பச் சொல்வார். பிறகு தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கண்ணை இறுகக் கட்டிக்கொள்வார். ஒவ்வொன்றையும் தடவிப் பார்ப்பார். சின்ன சிலிண்டரை விலாவில் கட்டிக்கொண்டு அதன் திருகை வலக்கையால் திறப்பார், மூடுவார். பிறகு இடக்கையால். எட்டாவிட்டால் அது வேண்டாம். சினிமாக் கத்தி மாதிரி பளபளவென்று ஒன்று வந்திருந்தது, அதை ஒதுக்கிவிட்டு, ஆஸ்பத்திரியில் பேண்டேஜ் வெட்டும் முனை மழுங்கின கத்தரியைக் கேட்டார். வலை சிக்கினால் கத்தியை விடக் கத்தரி நல்லது, தன் கையையே வெட்டாது என்றார். ஆபீஸ் பையன்கள் வாசலில் கூடி நின்று, "அண்ணாச்சிதா கானாமாச்சி கேல்சே!" என்று சிரிப்பார்கள். கண்ணாமூச்சியைத்தான் பெங்காலியில் அப்படிச் சொல்வார்கள். அவர் கட்டை அவிழ்க்காமலே, "வாலே, நீ வந்து ஆடு, வெளிய வாரியா பாப்போம்" என்பார், தமிழில். அவர்களுக்குப் புரியாது, ஆனாலும் சிரிப்பார்கள். கயிறு பிடிப்பவர் மட்டும் சிரிக்க மாட்டார். அவரை எல்லோரும் மெஜ்தா என்போம், பெங்காலி வீடுகளில் இரண்டாவது அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி. அண்ணாச்சி கீழே இருக்கும்போது அவர் தும்மக்கூட மாட்டார்.

சைக்கிள் டியூப் யோசனையும் அந்தத் துண்டுக்கட்டில் பிறந்ததுதான். மாற்று மவுத்பீஸை நெஞ்சில் ஒரு கிளிப்பில் மாட்டி வைப்பதுதான் கேட்லாக் முறை. அண்ணாச்சி கண்ணைக் கட்டிக்கொண்டு பத்து தடவை எடுத்துப் பார்த்தார். இரண்டு தடவை கை கிளிப்பைத் தேடியது. "ரெண்டு மட்டம் தேடுனா ரெண்டு மட்டம் சாவு" என்று சொல்லிவிட்டு, கிதிர்பூர் சைக்கிள் கடைக்குப் போய்ப் பழைய டியூப் வாங்கி வந்தார். மோவாயைத் தாழ்த்தினாலே வாயில் வந்து படும்படி வளையம் வெட்டினார். குழாயில் முடிச்சு எதற்கு என்றேன். கையில் கிடைத்தது எந்தக் குழாய் என்று விரலுக்குத் தெரிய வேண்டும், அதற்கு என்றார். எல்லா டைவர்களுக்கும் இப்படியே கட்டிவிடலாம் என்றும் சொன்னார். பார்க்கலாம் அண்ணாச்சி என்றேன். பார்க்கவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு மின்நிலையத்தின் வேலை கிடைத்தது. எங்களுக்கு அது பெரிய இடம். வேலை தொடங்கும் முன் அவர்களுடைய பாதுகாப்பு அதிகாரி வந்து சாமானைச் சோதிப்பார் என்றார்கள். முன்கூட்டியே ஒரு படிவம் அனுப்பியிருந்தார்கள். தயாரித்தவர் செய்யாத மாற்றம் ஏதாவது சாதனத்தில் இருக்கிறதா என்று அதில் ஒரு கேள்வி. இருக்கிறது, இன்ன காரணத்துக்காக என்று எழுதியிருக்கலாம். அந்த அதிகாரி முட்டாள் இல்லை, கேட்டிருப்பார். எனக்கு அது தோன்றவே இல்லை. எனக்குத் தோன்றியது வேறு. கோட்டும் டையுமாக ஒருத்தர் வருகிறார், பொம்பளை ஸ்டோர்ஸ் பார்க்கிற கம்பெனியில் சைக்கிள் டியூபைக் காட்டிக்கொண்டு நிற்கவா? சிங்கப்பூரிலிருந்து புது மவுத்பீஸ் வரவழைத்திருந்தேன். எலுமிச்சை மஞ்சள். குழாயும் மஞ்சள். கூடவே ஒரு பளபளக்கும் கிளிப். கறுப்பை அறுத்துப் போட்டுவிட்டு மஞ்சளை மாட்டினேன். கண்ணாடி பீரோவில் தொங்கவிட்டு, தள்ளி நின்று பார்த்தேன். அழகாக இருந்தது.

அண்ணாச்சி வந்து பார்த்தார். "மஞ்சளா இருந்தா என்ன, பச்சையா இருந்தா என்ன தாயி? அங்கன கண்ணே கெடையாதே."

"ஆபீசர் வந்துட்டுப் போகட்டும் அண்ணாச்சி. அப்புறம் நீங்க என்ன வேணா கட்டிக்கோங்க."

அதிகாரி வந்தார். பீரோவைப் பார்த்து 'வெரி நீட்' என்றார். அந்த இரண்டு சொல்லை வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். அப்பாவிடம் சொன்னேன். பீரோவைப் பூட்டிச் சாவியை என் பையில் வைத்துக்கொண்டேன். வேலை நாளன்று காலையில்தான் திறந்தேன்.

அன்று நானும் ஆற்றங்கரைக்குப் போனேன். வழக்கமாகப் போக மாட்டேன். பாராட்டு வாங்கின சாமான் வேலை செய்வதைப் பார்க்க ஆசை. ஜோவார் என்கிற கடலேற்றம் ஏறி நின்று, பாட்டா என்கிற வற்றம் இறங்கத் தொடங்கும் முன் ஆறு கொஞ்ச நேரம் சும்மா நிற்கும். அந்த நேரத்துக்குள் இறங்கி ஏறிவிட வேண்டும். அண்ணாச்சி சிலிண்டர் எல்லாம் கட்டிக்கொண்டு, கண்ணை மூடி, நெஞ்சில் கையை வைத்தார். எடுத்தார். மறுபடி மாட்டினார். மறுபடி எடுத்தார். பிறகு என்னைப் பார்த்து, "ஒரு கால் மணி குடு தாயி. கேட்டு வாசல்ல சைக்கிள் கடை இருக்கு, ஒரு துண்டு டியூப் வாங்கிட்டு வந்துருதேன்" என்றார்.

பக்கத்தில் அந்த அதிகாரி நின்றிருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அவர் முன்னால் எங்கள் டைவர் சாமானைக் குறை சொல்கிறார் என்பது எனக்குப் பொறுக்கவில்லை. நான் சிரித்துக்கொண்டே சொன்னேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

"என்ன அண்ணாச்சி, இருபது வருஷமா முங்கறீங்க, ஒரு கிளிப்பைப் பார்த்துப் பயமா?"

அவர் முகமூடியை இறக்கிக்கொண்டார். மெஜ்தா கயிற்றைக் கையில் சுற்றியபடி, "ஷாப்தானே, அண்ணாச்சிதா" என்றார். ஜாக்கிரதை என்று எப்போதும் சொல்வதுதான். அண்ணாச்சி ஏணி வழியாக இறங்கினார். பழுப்புத் தண்ணீர் தலைக்கு மேல் மூடியது.

கீழே நடந்ததைப் பிறகு ஆஸ்பத்திரியில் அவரே மெஜ்தாவிடம் சொன்னார். தண்ணீரை இழுக்கும் வாயில் இரும்புக் கிராதி இருக்கிறது. அதில் ஒரு பழைய மீன்வலை சுற்றிக் கிடந்தது. அதை வெட்டிக்கொண்டிருந்தபோது, தண்ணீர் நகரத் தொடங்கி வலையின் ஒரு பக்கம் அவர் மேல் விழுந்தது. வாயிலிருந்த மவுத்பீஸின் குழாயை இழுத்துப் பிடுங்கிவிட்டது. அவர் கை நேராக மோவாய்க்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை. நெஞ்சுக்குப் போனது. கிளிப் இருந்தது, வெறும் கிளிப். மவுத்பீஸ் அதிலிருந்து கழன்று எங்கோ ஆடிக்கொண்டிருந்தது. கையில் ஒரு குழாய் கிடைத்தது, வாயில் வைக்க இழுத்தார், அது வலை பிடுங்கிய முதல் மவுத்பீஸின் குழாய். அப்புறம்தான் அவர் தேடுவதை விட்டுவிட்டுக் கத்தரியை எடுத்தார். மூச்சு இல்லாமல், தோள் பக்கத்து வலையை வெட்டிவிட்டு, கயிற்றை நான்கு தடவை இழுத்தார். நான்கு என்றால் என்னைத் தூக்கு. மூச்சுக்காற்று இல்லாத ஒரு மனிதன் இத்தனையையும் வரிசையாகச் செய்திருக்கிறார்.

மெஜ்தாவும் இன்னொரு டைவரும் தூக்கிப் போட்டபோது அவர் உதடு நாவல்பழம் தின்ற மாதிரி இருந்தது. வாயிலிருந்து நுரையும் சேறும் வந்தது. அவரைக் கவிழ்த்துப் படுக்க வைத்தார்கள். முதுகுப் பக்கம் அந்த மவுத்பீஸ் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கரையில் நின்ற எல்லோருக்கும் அது தெரிந்தது. அவ்வளவு பளிச்சென்ற மஞ்சள்.

பிழைத்தார். நுரையீரலில் ஆற்றுத் தண்ணீர் போய்ச் சீழ் பிடித்து மூன்று வாரம் படுத்தார். இனிமேல் முங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் அதற்குள் அறிக்கை எழுதிவிட்டேன். மின்நிலையத்துக்கு ஒன்று, கம்பெனிக்கு ஒன்று. சாதனங்கள் எல்லாம் சரியாக இயங்கின. மாற்று மவுத்பீஸில் காற்று இருந்தது, பின்னர் சோதித்ததில் நன்றாக வேலை செய்தது. டைவர் பதற்றமடைந்து அதைப் பயன்படுத்தத் தவறினார். ஆங்கிலத்தில் நல்ல எடுப்பான நடையில் எழுதினேன். முதல் இரண்டு வரியும் உண்மை. அந்த இரண்டு உண்மைக்கும் பின்னால் மூன்றாவது வரியை ஒளித்து வைத்தேன். சைக்கிள் டியூப் பற்றி ஒரு எழுத்து இல்லை. சம்பந்தப்பட்டவரின் கையெழுத்து வேண்டும் என்றார் முதலாளி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் அண்ணாச்சியின் தலைமாட்டில் வைத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல், ஆரஞ்சு வாங்கி வந்ததைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பினேன். மறுநாள் போனபோது கையெழுத்து போட்டு வைத்திருந்தார். அவருக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. அதனால் தப்பித்தேன் என்று நினைத்தேன்.

முங்க முடியாத டைவருக்கு இந்தத் தொழிலில் ஒரு வழி உண்டு. மேலே நின்று மற்றவர்களை இறக்குகிற சூப்பர்வைசர் ஆகலாம். அண்ணாச்சிக்கு அதுதான் ஆசை. நெஞ்சு சரியானதும் இரண்டு கம்பெனிகளில் கேட்டார். இரண்டு இடத்திலிருந்தும் எங்களுக்குப் போன் வந்தது. போன் என் மேஜையில்தான் இருந்தது. "பயந்துபோன ஆள் என்கிறார்களே, உண்மையா?" என்று கேட்டார்கள். "ரிப்போர்ட்டில் இருப்பதுதான்" என்று சொல்லி வைத்துவிட்டேன். இரண்டு தடவையும் அதே வாக்கியம். கொல்கத்தாவில் டைவர்கள் மொத்தமே கொஞ்சம் பேர். ஒரு வாரத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. இருபது வருஷம் இருட்டில் முங்கினவருக்குக் கடைசியில் கிடைத்த பெயர், பயந்தவர். அவர் குடும்பத்தோடு சாந்த்ராகாச்சிக்குக் குடிபோனதாக மெஜ்தா சொன்னார். அதற்குப் பிறகு மெஜ்தாவும் என்னோடு வேலை விஷயம் தவிர எதுவும் பேசவில்லை.

ஏழு வருஷம் போயிற்று. ஒரு மத்தியான வேளை, ஜாதவ்பூரில் ஒரு சினேகிதி புது அடுக்குமாடிக்குக் குடிவந்திருந்தாள் என்று போனேன். கேட்டில் நீல யூனிபார்மில் அண்ணாச்சி நின்றார். இளைத்திருந்தார். விசில் ஒன்று சட்டைப்பையில் தொங்கியது.

"யாரு, தாயியா? வா வா. வெயில்ல வந்திருக்கியே, இதுல உக்காரு" என்று தன் ஸ்டூலைத் தள்ளினார்.

நான் உட்காரவில்லை. குசலமும் விசாரிக்கவில்லை. "அண்ணாச்சி, அந்த ரிப்போர்ட்டுல நான் எழுதினது பொய்" என்றேன்.

"தெரியும்லா" என்றார். "அன்னைக்கி ராவே மெஜ்தா படிச்சிச் சொல்லிட்டான். கிழிச்சிப் போடுன்னான்."

"பின்ன எதுக்குக் கையெழுத்து போட்டீங்க?"

அவர் யோசித்துத்தான் சொன்னார். "நான் போடலைன்னா உன்னையத் தூக்கிட்டு வேற எவனையாவது உக்கார வச்சிருப்பாங்க. அவனுக்கு அந்த டியூப் சமாச்சாரம் தெரியாது. உனக்குத் தெரியும். எனக்கோ முங்குததே முடிஞ்சிபோச்சு. இனிமே எறங்குத பயலுவளுக்காவது நீ கழுத்துல மாட்டித்தான் அனுப்புவேன்னு நெனச்சேன்." பிறகு, "எல்லாப் பயலுவளுக்கும் கட்டிட்டல்லா?" என்று கேட்டார்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவருக்குத் தெரிந்திருக்காது. பொய் சொல்வது எனக்குப் புதிதும் இல்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அது வரவில்லை. இல்லை என்றேன். ஏழு வருஷமாக ஒவ்வொருத்தனையும் மஞ்சளும் கிளிப்புமாகத்தான் இறக்கிக்கொண்டிருந்தேன். டியூப் கட்டினால் ஏன் இப்போது கட்டுகிறாய் என்று எவனாவது கேட்பான். கேட்டால் என் ரிப்போர்ட் நிற்காது. அதற்குப் பயந்துகொண்டு, நீச்சல் தெரியாத நான், கரையில் உட்கார்ந்தபடி, ஆறேழு பையன்களின் மூச்சைப் பணயம் வைத்திருந்தேன். ஒருத்தனுக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பது என் சாமர்த்தியம் அல்ல. இதையெல்லாம் அவரிடம் சொன்னேனா, இல்லை என்பதோடு நின்றுவிட்டேனா என்று இப்போது நினைவில்லை.

அவர் திட்டவில்லை. ஸ்டூலை எடுத்துச் சுவரோரமாக வைத்தார். தெருவில் ஒரு கார் ஹாரன் அடித்தது.

"வண்டி வருது மேடம். கொஞ்சம் ஓரமா நில்லுங்க."

மறுநாள் காலையில் சைக்கிள் டியூப் வாங்கினேன். எல்லா செட்டுக்கும் கட்டினேன். பையன்கள் கேலி செய்தார்கள். துண்டால் கண்ணைக் கட்டிவிட்டு, நெஞ்சிலிருந்து எடு, மோவாயிலிருந்து எடு என்று பத்துப் பத்து தடவை எடுக்கச் சொன்னேன். பிறகு கேலி நின்றது. அறிக்கை தவறு என்று முதலாளிக்கும் மின்நிலையத்துக்கும் கடிதம் எழுதினேன். அங்கிருந்து பதில் வரவில்லை. முதலாளி, முடிந்த ஃபைலை ஏன் கிளறுகிறாய் என்று கடிதத்தை என் மேஜைக்கே திருப்பிப் போட்டார். போன் செய்த இரண்டு கம்பெனிகளுக்கும் நேரிலேயே போனேன். ஒன்று மூடியிருந்தது. இன்னொன்றில் இருந்தவருக்கு யாரைப் பற்றிச் சொல்கிறேன் என்றே தெரியவில்லை. ஒரு பேரைக் கெடுக்க எனக்கு ஒரு வரி போதுமாக இருந்தது. அதைத் திருப்பி வைக்க ஆள் ஆளாகத் தேடிப் போயும் கேட்க யாரும் இல்லை.

எல்லோருக்கும் கட்டிவிட்டேன் என்று சொல்ல, அடுத்த வாரம் ஜாதவ்பூருக்குப் போனேன். "ரொம்ப நல்லதுங்க மேடம்" என்றார். நிஜமாகவே சந்தோஷப்பட்டுத்தான் சொன்னார், அது கண்ணில் தெரிந்தது. பிறகு, உள்ளே போகிறவர்கள் எழுதுகிற நோட்டை என் பக்கம் திருப்பி, பேனாவை மேலே வைத்தார். யாரைப் பார்க்க வந்திருக்கிறேன் என்று எழுதச் சொன்னார்.

"உங்களைத்தான் அண்ணாச்சி."

அவர் நோட்டை மெதுவாகத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"காவலுக்கு நிக்கவனப் பாக்க வாரவங்களுக்கு இதுல கட்டம் கெடையாதுங்க மேடம்."